முதல் விதி தாளாளருடையது

"பேரண்டத்தில் கோள்கள் யாவும் விதிக்குக் கட்டுப்பட்டே சுழல்வதை முன்னிட்டு, நமது கல்லூரிக் கணிப்பொறி மையத்தின் கெர்னலும் 1999 ஆகஸ்ட் ஐந்தாம் நாள் வியாழக்கிழமை முற்பகல் 10.30 மணி முதல் விதிகளுக்குக் கட்டுப்பட்டு இயங்கும் என்பதைப் பெருமகிழ்வோடும் ஆழ்ந்த பொறுப்புணர்வோடும் அறிவிக்கிறோம். விதிகளின் முன் அனைவரும் சமம்."

கீழே பதினொரு கையெழுத்து. கல்லூரி மானகிரி போகிற சாலையில் இருந்தது. அறிவிப்புப் பலகையில் இந்தத் தாளை ஒட்டிய அட்டெண்டர் பெரியகருப்பன், ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற வின்சியிடம் கேட்டார்.

"அனைவரும் சமம்னு போட்டுட்டு, கையெழுத்த மட்டும் ஏந்தாயி பெரியவுக சின்னவுகன்னு வரிசையாப் போட்டிருக்காக?"

வின்சியின் கவலையும் அதே வரிசைதான்.

வின்சி அந்த மையத்தின் பொறுப்பாளர், தற்காலிகம். ஆறு வருடமாக ஒவ்வொரு ஏப்ரல் முப்பதாம் தேதியும் அவளுக்கு வேலை போகும். ஜூன் பிறந்ததும் திரும்பக் கிடைக்கும். நடுவில் இருக்கிற மே மாதம் முழுக்க மாமியார் சகாயம்மாள், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மருமக இப்ப சும்மாதான் இருக்கா" என்று காபியோடு சேர்த்துக் கொடுப்பார். இந்த ஆண்டு விடிவு வரும்போல இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பல்கலைக்கழக ஆய்வுக்குழு வருகிறது. தாளாளர் சத்தியமூர்த்தி அவளைக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த நிரந்தரப் பணி உத்தரவைக் கண்ணில் காட்டிவிட்டு மறுபடி கோப்புக்குள் வைத்தார்.

"வந்தவுக வாயால கம்ப்யூட்டர் சென்டரப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை வரட்டும்மா. அந்த எடத்துலயே நின்னுக்கிட்டு கையெழுத்துப் போடுறேன். வரலையா, ஏப்ரல் வரைக்கும் பாப்போம்."

பாப்போம் என்றால் என்னவென்று அவளுக்கு ஆறு வருட அனுபவம் இருந்தது.

மையத்தில் நாற்பது கணிப்பொறிகள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு லினக்ஸ் சர்வர், அதன் வாலில் ஒரு மோடம். வெளியிலிருந்து வருவதும் உள்ளேயிருந்து போவதும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக அந்த ஒற்றை சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்பதை அதன் இயங்குதளத்தின் மையமான கெர்னல் முடிவு செய்யும். அதற்கென்று சொந்த அபிப்பிராயம் கிடையாது. எழுதிக் கொடுத்த விதிகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கும். பொருந்துகிற முதல் விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்துவிட்டு அடுத்த பாக்கெட்டைப் பார்க்கப் போய்விடும். கீழே இருக்கிற விதியில் எத்தனை பெரிய மனிதர் எழுதியிருந்தாலும் திரும்பிப் பார்க்காது.

இதைத்தான் வின்சி, அந்த விதிகளை எழுதக் கல்லூரி அமைத்த விதிக்குழுவின் மூன்று கூட்டங்களிலும் சொன்னாள். கணிப்பொறித் துறைத்தலைவர் டாக்டர் மாயக்கண்ணன் மூன்றிலும் கேட்டுக்கொண்டார், முறுக்கைக் கடித்தபடி.

பதினொரு விதிகள் சேர்ந்தன. தாளாளருடைய விதி: "எனது எழுத்துப்பூர்வமான அனுமதி இன்றி எதுவும் உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது." முதல்வருக்கு நாளிதழ்கள் மட்டும் வேண்டும். மாயக்கண்ணனுக்கு எல்லாம் வேண்டும். வேதியியல் துறை இரண்டு ஆராய்ச்சித் தளங்களைக் கேட்டது. வேதியியலுக்கு எதெல்லாம் உண்டோ அதெல்லாம் எங்களுக்கும் உண்டு என்று இயற்பியல் துறை எழுதிக் கொடுத்தது. விடுதிக் காப்பாளர், விடுதிக்கு எதுவும் கூடாது என்றார். அங்கே கணிப்பொறியே இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வரிசை என்று வந்தபோது குழுவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாளாளர், முதல்வர், துறைத்தலைவர்கள், காப்பாளர், நூலகர்.

"சார், தாளாளர் ஐயா விதியத் தூக்கி மொதல்ல வச்சீகன்னா, அதோட கத முடிஞ்சிரும்" என்றாள் வின்சி. "எந்தப் பாக்கெட் வந்தாலும் அது பொருந்தும். தடுத்துரும். மத்த பத்து விதியையும் கெர்னல் பாக்கவே பாக்காது."

"ஏம்மா, கல்யாணப் பத்திரிகையில பெரியவுக பேர மேல போடாம, பந்தல்காரன் பேரையா மேல போடுவோம்?"

"இது பத்திரிகை இல்ல சார்."

"பேரு வருதுல்ல? அப்பப் பத்திரிகைதான்." மாயக்கண்ணன் குரலைத் தாழ்த்தினார். "தாளாளர் பேச்ச நூலகருக்குக் கீழ வச்சேன்னு வெளிய போச்சுன்னா, என்னைய எங்குட்டு வைப்பாகன்னு ஒனக்குத் தெரியுமா?"

வியாழன் 10.30-க்குக் குத்துவிளக்கு ஏற்றி, மாயக்கண்ணன் தம் திருக்கரத்தால் விதிகளை அமலாக்கினார். 10.31-க்கு எல்லாம் நின்றது.

முதலில் வேதியியலில் இருந்து இண்டர்காம் வந்தது. பிறகு இயற்பியல்; வேதியியலுக்கும் வரவில்லை என்று தெரிந்ததும் திருப்தியாக வைத்துவிட்டார்கள். பதினொன்றரைக்குத் தாளாளரே பேசினார். பினாங்கில் இருக்கிற மகன் செல்வம், பேரனின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறானாம். வரவில்லையாம்.

"ஐயா, உங்க எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாம எதுவும் வரக்கூடாதுல்ல" என்றார் மாயக்கண்ணன், மிகுந்த பணிவோடு.

அரை மணி நேரத்தில் தாளாளரின் கடிதத்தாளில் அனுமதி வந்து சேர்ந்தது. "பெறுநர்: தாளாளர். அனுப்புநர்: தாளாளர். பொருள்: தாளாளருக்கு அனுமதி வழங்குதல் தொடர்பாக." மாயக்கண்ணன் அதைப் பயபக்தியோடு வாங்கி, பசை தடவி, சர்வரின் நெற்றியில் ஒட்டினார். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய்க் காத்திருந்தார்.

"அதுக்குப் படிக்கத் தெரியாதுல்ல சார்" என்றார் பெரியகருப்பன்.

"நீ போய்யா அங்குட்டு."

வெள்ளிக்கிழமையும் அப்படியே விடிந்தது. ஆய்வுக்குழு வருவது மூன்று மணிக்கு. காலை முழுவதும் மாயக்கண்ணன் விதிக்கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு விதிக்கு மேலும் அதைத் தந்தவரின் பெயரையும் பட்டங்களையும் சேர்த்துக்கொண்டிருந்தார். # என்ற குறி போட்டு எழுதுகிற வரிகள் அவை. அந்தக் குறியைப் பார்த்தால் மெஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். கல்லூரியின் பட்டங்கள் அத்தனையும் அந்தக் குறிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. ஒரு மணிக்கு, கோப்பை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, கோவிலூரில் இருக்கிற வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினார்.

வின்சி நேராகத் தாளாளர் அறைக்குப் போனாள். நியாயத்தைப் பேசிப் பலனில்லை என்று மூன்று கூட்டங்களில் அவளுக்குப் புரிந்திருந்தது. போகிற வழியிலேயே வேறொன்றை யோசித்து வைத்திருந்தாள்.

"ஐயா, நம்ம ஆண்டு விழாவுல மொதல்ல பேசுறது யாரு?"

"வரவேற்புரை. எவனாவது சின்ன லெக்சரரு."

"ஐயா எப்பப் பேசுவீக?"

"எல்லாரும் பேசி ஓஞ்சப்புறம், கடைசியா." தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு மேல ஒருத்தனும் மைக்கத் தொடக் கூடாது."

"உங்க விதிய மொதல்ல போட்டு, வரவேற்புரை மாதிரி ஆக்கிட்டாக ஐயா. மத்தவுக எல்லாரும் உங்களுக்கு அப்புறம் பேசுறாப்புல இருக்கு."

தாளாளரின் முகம் மாறியது. "யாரு போட்டது?"

"குழு."

"என்னைய வரவேற்புரைக்கு அனுப்பிட்டாகளா? கடைசியில கொண்டு போ. நிறைவுரையாப் போடு. அங்குட்டு என் சொல்லுக்கு மேல சொல்லு கெடயாது."

"ஐயாவோட மெஷினுக்கு அனுமதின்னும் ஒரு வரி சேத்துக்கிறேன்."

"சேத்துக்க. அதான் எழுதியே குடுத்தேன்ல?"

அவள் ஓடிவந்து விதிக்கோப்பைத் திறந்தபோது, கோப்புகளைத் திருத்துகிற மென்பொருளான எடிட்டர் மறித்தது. இந்தக் கோப்பை மாயக்கண்ணன் என்பவர் திருத்திக்கொண்டிருக்கிறார், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று எச்சரித்தது. இதைப் பூட்டு என்று மாயக்கண்ணன் பாடம் நடத்துவார். உண்மையில் அது பஸ் ஜன்னல் வழியாகச் சீட்டில் போடுகிற துண்டு. துண்டைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் ஒதுங்குவார்கள். நகர்த்தி வைத்துவிட்டு உட்காருகிறவனைத் துண்டு ஒன்றும் செய்யாது. வின்சி வாழ்க்கையில் ஒருநாளும் அடுத்தவர் துண்டை நகர்த்தியவள் அல்ல. நாச்சியாபுரம் பஸ்ஸில் ஆறு வருடமாக நின்றுகொண்டு வந்திருக்கிறாள். இன்று நகர்த்தினாள்.

நூலகர் விதி முதலில், தாளாளர் விதி கடைசியில். அமலாக்கினாள். ஒரு நிமிடத்தில் மோடம் விளக்குகள் கண் சிமிட்டின. வேதியியலுக்கு ஆராய்ச்சி வந்தது, இயற்பியலுக்கும் அதே ஆராய்ச்சி வந்தது. தாளாளர் அறையில் பேரனின் படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது; நெற்றி வந்து, கண் வருவதற்குள் அவர் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டார்.

இனி அவள் அந்த அறையைவிட்டு நகராமல் இருந்தால் போதும். ஆனால் இரண்டரைக்கு முதல்வர் கூப்பிட்டனுப்பினார். விருந்தினரை வரவேற்க வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்க ஒரு பெண் வேண்டும். கல்லூரியில் இண்டர்நெட்டை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் பன்னீர் தெளிக்கப் போனாள்.

இரண்டு ஐம்பதுக்கு மாயக்கண்ணன் ஏப்பத்தோடு வந்து உட்கார்ந்தார். அவர் திரையில் காலையில் திறந்த கோப்பு காலையில் இருந்தபடியே இருந்தது. தம் பெயருக்குப் பின்னால் விட்டுப்போன ஒரு பட்டத்தைச் சேர்த்துச் சேமித்தார். நீங்கள் திறந்தபிறகு இந்தக் கோப்பு மாறியிருக்கிறது, நிஜமாகவே மேலெழுதட்டுமா என்று எடிட்டர் கேட்டது. கேள்வி கேட்கிற எதற்கும் ஆமாம் என்று பதில் சொல்லியே துறைத்தலைவர் ஆனவர் அவர். ஆமாம் என்று தட்டினார். அமலாக்கினார்.

வின்சி, தாளாளருக்கும் ஆய்வுக்குழுவின் இரண்டு பேராசிரியர்களுக்கும் பின்னால் உள்ளே நுழைந்தபோது, முதலில் பார்த்தது மோடத்தைத்தான். விளக்கு அசையவில்லை.

மூத்த பேராசிரியர் ஒரு கணிப்பொறி முன்னால் உட்கார்ந்து பல்கலைக்கழகத்தின் முகவரியைத் தட்டினார். வெள்ளைத் திரை. இன்னொன்றைத் தட்டினார். வெள்ளைத் திரை. தாளாளர் வின்சியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கக்கத்தில், பணி உத்தரவு வைத்த அந்தக் கோப்பு இருந்தது.

சர்வருக்கு முன்னால் இருந்த விசைப்பலகை அவளுக்கு ஒரு முழத்தில். தாளாளர் விதியை நீக்க ஒரே ஒரு வரி போதும். நைசாக ஒதுங்கிக் கையைக் கொண்டுபோனாள்.

"ஏன் எதுவுமே வரமாட்டேங்குது?" என்றார் பேராசிரியர்.

மாயக்கண்ணனுக்குக் காரணம் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. "எங்க கெர்னல் விதி அப்படி சார். இங்க எதுவும் உள்ள வராது. எதுவும் வெளிய போகாது."

"எதுவுமே?"

"ஒரு தூசி போகாது சார்."

பேராசிரியர் எழுந்து நின்றார். வின்சியின் விரல் விசை மேல் நின்றது.

"நேத்து ஒரு காலேஜுக்குப் போனோம்" என்றார் அவர், மெதுவாக. "இண்டர்நெட்டத் தொறந்து காட்டுங்கன்னு சொன்னோம். பசங்க முந்தின நாள் பாத்துட்டு வச்ச படம் ஒண்ணு அப்படியே வந்து நின்னுச்சு. எங்ககூட ஒரு லேடி மெம்பர் வேற. அவுக இன்னைக்கு வரவே மாட்டேன்னுட்டாக." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்கதான்யா பொறுப்பா நடத்துறீக."

சர்வரில் ஒட்டியிருந்த கடிதத்தையும் படித்தார். "தாளாளரே தனக்கு அனுமதி எழுதி வாங்கணுமா? அப்படியும் உள்ள விடலையா?"

"விதிக்கு முன்னாடி எல்லாரும் சமம்ல சார்" என்றார் தாளாளர். பேரன் படத்தை அதற்குள் மறந்திருந்தார். "அந்த மொத விதி நான் போட்டது."

"மொதல்ல போட்டது நான்" என்றார் மாயக்கண்ணன், அவசரமாக.

பேராசிரியர் பதிவேட்டை வாங்கி, ஒழுக்கம் காக்கும் விதத்தில் கணிப்பொறி மையம் முன்மாதிரியாக இயங்குகிறது என்று எழுதினார். "இதப் பராமரிக்கிறது யாரு?"

வின்சி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நான்தான் சார். எதையும் மாத்த மாட்டோம் சார்."

தாளாளர் வாக்குத் தவறாதவர். அந்த இடத்திலேயே, பெரியகருப்பன் குனிந்து காட்டிய முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெரியகருப்பன் குனிந்தபடியே வின்சியைப் பார்த்து, "ஒண்ணுமே ஓடாம இருக்கதுக்கு ஒரு நிரந்தர ஆளா தாயி?" என்றார். அவள், "சத்தம் போடாதீக அண்ணே" என்றாள்.

முன்மாதிரி என்று எழுத்தில் வந்துவிட்டதால் விதிகளை அதற்குப்பின் யாரும் தொடவில்லை. கல்லூரியில் மின்னஞ்சல் பார்க்க வேண்டியவர்கள், தாளாளர் உட்பட, பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போய் பிரவுசிங் சென்டரில் மணிக்கு நாற்பது ரூபாய் கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.