பட்டப்பகலில் சாத்திய கதவு

“பட்டப்பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்ன வேலை?”

மாமியார் இரண்டு முறை தட்டினாள். மூன்றாவது தட்டலுக்கு முன் மருமகள் திறந்துவிட்டாள். கையில் செல்போன், காதில் ஒயர். போனுக்குள்ளே வருகை எடுத்த பேராசிரியர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவள் பெயரைத்தான். இவள் வாய் திறப்பதற்குள் அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். வகுப்புக்கு வரவில்லை என்று இன்னொரு நாள் அவள் தலையில் ஏறியது.

“கிளாஸ் அத்தை.”

“கிளாஸுக்குக் கதவு எதுக்கு? உன் பாடத்தை நாங்க என்ன தூக்கிட்டா ஓடப்போறோம்?”

மாமியார் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அந்த வீட்டில் கால் வைத்த நாள் முதல் அவளும் பகலில் கதவைச் சாத்தியதில்லை. சாத்தினால் வாழவந்தவளுக்குத் தலைக்கனம் என்று அவளுடைய மாமியார் சொல்லியிருந்தாள். அதை இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்து மருமகள் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அதே வீட்டில் இன்னொரு கதவு காலையிலிருந்து மாலைவரை சாத்தியே கிடந்தது. உள்ளே மகன் ஆபீஸ் வேலை பார்த்தான். அந்தக் கதவைத் தாண்டும்போது எல்லோரும் பூனைநடை நடந்தார்கள். மிக்சி ஓட்ட அவனிடம் உத்தரவு வாங்கினார்கள். மாமனார் தும்மலைக்கூட வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் தும்மினார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன் ஆபீசில் இருந்தான், வீட்டிலிருந்து படிக்கிறவள் வீட்டில் இருந்தாள். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை.

மீதிப் படிப்பை முடிக்கட்டும் என்று கல்யாணப் பேச்சில் வாக்குக் கொடுத்தவர் மாமனார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். பல்கலைக்கழகம் திறந்திருந்தவரை அவள் தினமும் பஸ் ஏறினாள். அங்கே இருக்கும்போது, பால் பொங்குதா பார் என்று யாரும் குரல் கொடுக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தவளோடு காரணமே இல்லாமல் சிரிக்கலாம். வகுப்புகள் செல்போனுக்கு வந்ததும் எல்லாம் போயிற்று. வீடு நிறைய ஆட்கள் நடமாடியும் அவளுக்கு ஆளே இல்லாதது மாதிரிதான் இருந்தது. அடுப்படியில் நின்றபடி, தன் மைக்கை அணைத்து கேமராவை மூடி, வகுப்பில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பாள். சில நாள் அழுகை வரும். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவாள்.

மாணவர்கள் இணையவழிப் படிப்புக்குத் தயாரா என்று விசாரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தபோது எடுத்தவரும் மாமனார்தான். நெட் இருக்கா என்றார்கள், இருக்கு என்றார். செல்போன் இருக்கா, இருக்கு. உட்கார்ந்து படிக்கத் தனி ரூம்?

“எங்க வீட்ல ரூமுக்கா பஞ்சம்?” என்றார் பெருமையாக. அப்படி அவள் தயாராகிவிட்டாள். அடுப்படியில் நின்ற அவள் காதிலும் அது விழுந்தது. குறுக்கே பேசினால் வீட்டு மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த மௌனம் எத்தனை பெரிய தப்பு என்பது வாய்மொழித் தேர்வு அன்றுதான் புரிந்தது.

கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுவதைப் பற்றி அவள் ஆய்வு எழுதியிருந்தாள். கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து அதைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், கூட யாரும் இருக்கக் கூடாது. இதைத் தவறவிட்டால் வருஷமே போய்விடும். இன்னொரு வருஷமெல்லாம் சரிப்படாது என்று மாமனார் சாப்பாட்டு மேஜையில் முன்பே சொல்லியிருந்தார்.

அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ள மாமியாரிடம் கெஞ்சிக் கேட்டு, தாழ்ப்பாள் மட்டும் போடக் கூடாது என்ற கட்டளையோடு தலையாட்டலும் வாங்கியிருந்தாள். ஆனால் தேர்வாளர் திரையில் வந்து உட்காரவும் கதவு திறந்தது. மாமியார் பீரோவில் துண்டு எடுக்க வந்தாள். போனவள் திரும்பவும் வந்தாள். சாத்திய கதவு அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை.

“பின்னாடி யாரோ நிக்கிறாங்கம்மா. தனியா இருந்தாத்தான் பரீட்சை. அஞ்சு நிமிஷம் தர்றேன், வேற இடம் பாருங்க” என்றார் தேர்வாளர்.

அவள் ஓடிப்போய்க் கணவனின் கதவைத் தட்டினாள். அவன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, தனக்கு மீட்டிங் இருப்பதாகவும் அடுப்படியிலேயே உட்கார்ந்து பேசிவிடும்படியும் கிசுகிசுத்தான். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள். தெருவைக் கடந்து எதிர்ச் சுவரோரம் போட்டாள். சுவருக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்தபடி வெயிலில் உட்கார்ந்தாள். மாடியில் துணி உலர்த்தியவள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

மாமியார் படிவரை வந்து நின்றாள். “உள்ள வாம்மா. தெருவே பாக்குது. நாலு பேர் என்ன பேசுவாங்க?” குரல் கோபமாக இல்லை, பயந்திருந்தது. அவளுக்குப் பின்னால் மாமனார். மீட்டிங்கை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்திருந்தான் கணவன்.

மருமகள் கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“இப்ப உங்ககூட யாராவது இருக்காங்களாம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். படியில் இருவர், ஜன்னலில் ஒருவர். மூன்று பேரையும் நிதானமாகப் பார்த்தாள்.

“எங்கூட யாரும் இல்ல சார்” என்றாள், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி. “கேள்வி கேளுங்க.”