மேடையில் மூத்தவர்

பொன்னாடை போர்த்தும்போது ஆளைப் பார்க்கக் கூடாது, கேமராவைப் பார்க்க வேண்டும். இலங்கையில் பலாங்கொடைக்கு மேலேயிருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இந்தக் கலையைச் சின்னத்தம்பியைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. தோட்டக் கமிட்டித் தலைவராக அவர் இத்தனை வருடம் நீடித்ததே, மேடையேறிய ஒருவரையும் விடாமல் போர்த்தியதால்தான். போன திருவிழாவில் மட்டும் ஓர் ஆளை மறந்துவிட்டார். மறந்துபோன ஆள் சுரேந்திரன். அன்றிலிருந்து அவன் தனி அணி. அடுத்த மாதத் தேர்தலில் போட்டி வேறு.

ஆகவே, ஒரு பல்கலைக்கழகம் ‘மனிதப் பரிணாமமும் அதன் வரலாறும்’ என்று தோட்டத்து மண்டபத்தில் பொது நிகழ்ச்சி நடத்த வந்தபோது, பரிணாமத்தைப் பற்றிச் சின்னத்தம்பிக்குக் கவலையில்லை. மேடையில் ஆறு நாற்காலி, கையில் ஆறு பொன்னாடை, கடைசி நாற்காலியில் சுரேந்திரன். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம்.

கணக்கைக் கெடுத்தவர் பேராசிரியர் ஹஸன். ஆதிகாலத்துப் பலாங்கொடை மனிதனின் மண்டையோட்டைச் சாந்தில் அச்சு வார்த்துக் கொண்டுவந்திருந்தார். மேசை முழுக்கப் பழத்தட்டும் பூச்செண்டும். வேறு வழியில்லாமல் இன்னொரு நாற்காலியை இழுத்து, தன் பக்கத்திலேயே அதை அமர்த்தினார்.

சின்னத்தம்பி கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார், போர்த்தினார், நகர்ந்தார். புன்னகைத்தார், போர்த்தினார், நகர்ந்தார். மண்டபம் கொல்லென்று சிரித்தபோதுதான் திரும்பினார். ஜரிகைக்குள்ளிருந்து மண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சுரேந்திரனிடம் வந்து சேர்ந்தபோது வெறுங்கை.

சுரேந்திரன் எழுந்தான். “செத்தவனுக்குப் பொன்னாடை, எனக்கு இல்லையா? வாங்கடா, போவோம்!”

பாதி மண்டபம் எழுந்தது. சின்னத்தம்பியின் கணக்கில் தேர்தல் இங்கேயே முடிந்துவிட்டது.

“சார், அவருக்கு என்னா வயசுங்க?” கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கம்மா கேட்டாள்.

‘பன்முகப் பரிமாணங்கள்’ என்று தொடங்கும் உரையைக் கையில் வைத்திருந்த ஹஸன் அதை மடித்தார். “பல்லாயிரம் வருஷம்மா. இந்தப் பக்கத்துக் குகைகள்ல வாழ்ந்தவங்க.”

“அப்ப மேடையில மூத்தவரு அவருதானே? தலைவரு மரியாதை தெரிஞ்சுதான் போத்தியிருக்காரு. நீ குந்து தம்பி!”

“அது... ஆமாங்க” என்றார் சின்னத்தம்பி, அதுவரை தனக்கே தெரியாத தன் நோக்கத்தை உடனே ஏற்றுக்கொண்டு.

சிரிப்பில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுரேந்திரனும்.

“அவங்க எங்கேருந்து வந்தாங்க சார்?” என்று தொடர்ந்தாள் தங்கம்மா.

“அவங்க மூதாதைங்க ஆபிரிக்காவிலேருந்து.”

“அடடே, அவங்களும் வந்தவங்கதானா! எங்களத்தான் இந்தியாவிலேருந்து வந்தவங்க, வந்தவங்கன்னு சொல்லுறாங்க.”

“கொரங்குலேருந்து வந்தோம்னாங்களே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“கொரங்கு பாட்டன் இல்லீங்க, பங்காளி. ரெண்டு பேருக்கும் பாட்டன் ஒண்ணு.”

“பங்காளியா? அதான் மரக்கறித் தோட்டத்துல அதுங்களோட இந்தச் சண்டை!”

தேநீர் ஆறும்வரை கேள்விகள் ஓயவில்லை. இத்தனை கேள்விகள் தன் வகுப்பில்கூட வந்ததில்லை என்பது ஹஸனின் முகத்தில் தெரிந்தது.

முடிவில் அவர் மண்டையோட்டின் பொன்னாடையை அவிழ்க்கப் போனார். “இருங்க சார், அப்பிடியே இருக்கட்டும்” என்று சுரேந்திரன் கைபேசியுடன் ஓடிவந்து, மண்டையோட்டோடு கன்னம் சேர்த்து நின்றான். மூத்தவரை அவன் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தான்.

பயல் தேறிவிடுவான் என்று சின்னத்தம்பிக்குத் தோன்றியது. ஆறிப்போன தேநீரை நிம்மதியாக உறிஞ்சினார்.