ஒரு ஆள் என்றால் அறுபத்தெட்டு

லிஃப்டுக்குள் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். அவன் ஆறாவதாகக் காலை எடுத்து வைத்ததும் அது கத்த ஆரம்பித்துவிட்டது. கதவு மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எல்லோரும் முதலில் மேலே பார்த்தார்கள், அப்புறம் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார்கள், கடைசியில் அவனைப் பார்த்தார்கள். பலகையில் 6 நபர், 408 கிலோ என்று இருந்தது. போன வருஷம் அந்தப் பலகையை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கியவன் அவன்தான். அளவுக்கு மேல் ஒரு கிலோ ஏறினாலும் கத்தும்படி வைத்துவிட்டுப் போனவனும் அவன்தான். போதாக்குறைக்கு, அவன் சட்டை முதுகில் ‘லிஃப்ட் சர்வீஸ்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

“நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்” என்றாள் காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெண். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ரிப்பேர் எல்லாம் இல்லம்மா. சரியாத்தான் வேலை செய்யுது” என்று சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தான். கத்தல் சட்டென்று நின்றது. கதவு மூடிக்கொண்டு ஐந்து பேரையும் தூக்கிக்கொண்டு போயிற்று.

கம்பெனி ஆட்களுக்கு எடை பார்த்துச் சொல்லும் கிளினிக் நாலாவது மாடியில் இருந்தது. படியேறும்போது தலைக்குள் கணக்கு தானாக ஓடியது. நானூற்றெட்டில் தன்னுடைய தொண்ணூற்றெட்டு போனால் மிச்சம் முன்னூற்றுப் பத்து. அந்த ஐந்து பேரும் சேர்ந்து அதற்கு மேல் இருந்தால்தான் லிஃப்ட் கத்தும். ஆக, தப்பு தன்னுடையது மட்டும் இல்லை. இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? படிக்கட்டிடம்தான் சொல்ல வேண்டும். கடுப்பில் இரண்டு இரண்டு படியாக ஏறினான். மூன்றாவது மாடி திரும்பும் இடத்தில் பின்பக்கம் ‘டர்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கையை வைத்துப் பார்த்தான். பேண்ட் நடுத் தையல் இரண்டு விரல் நீளத்துக்கு விட்டிருந்தது. பையைப் பின்னால் இறக்கித் தொங்கவிட்டுக்கொண்டு மீதி படிகளை நல்ல பிள்ளையாக ஏறினான்.

ஒரு ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ. இருபத்திரண்டு வருஷமாக அவன் அப்படித்தான் கணக்குப் போட்டு வருகிறான். நாலு ஆள் இருநூற்று எழுபத்திரண்டு, ஆறு ஆள் நானூற்றெட்டு, எட்டு ஆள் ஐந்நூற்று நாற்பத்து நாலு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். புது லிஃப்ட் மாட்டி முடித்ததும் இருபது கிலோ இரும்புக் கட்டிகளை அடுக்கி அந்த அளவுக்குச் சோதனை ஓட்டுவார்கள். கூட வேலை செய்கிறவனுக்குப் பெயரே ஒல்லிதான். அவன் ஒவ்வொரு தடவையும், “அண்ணே, கட்டியெல்லாம் எதுக்கு? நீங்க ஏறி நில்லுங்க, போதும்” என்பான். கம்பெனியில் இவனுக்கு ‘நாலாள்’ என்று பட்டப்பெயர் வைத்ததும் அந்த ஒல்லிப் பயல்தான். நாலாளும் சேர்ந்து சிரித்துவிடுவான். வேறு என்ன செய்வது?

சிரிப்பு போனது ஆறு மாதத்துக்கு முன்னால். லிஃப்ட் ஓடும் குழிக்குள், கேபின் தலையில் ஏறி நின்று வேலை பார்க்கிறவர்கள் கட்டுகிற பாதுகாப்பு பெல்ட்டை யாரோ ஒரு அதிகாரி புரட்டிப் பார்த்திருக்கிறார். நூறு கிலோதான் தாங்கும் என்று அதில் போட்டிருக்கிறது. ஆளும் இடுப்பில் மாட்டுகிற சாமானும் சேர்த்து நூறு. எல்லோரையும் நிறுத்திப் பார்த்தார்கள். அவன் மட்டும் நூற்றொன்பது, சாமான் ஐந்து கிலோ தனி. அன்றிலிருந்து அவனுக்குக் குழிக்குள் இறங்க அனுமதி இல்லை. கதவைத் துடைத்து எண்ணெய் போடுவது, பொத்தான் மாற்றுவது, கீழே நின்று ஒல்லிக்கு டார்ச் அடிப்பது, இவ்வளவுதான் வேலை. அதோடு ஒரு படிவமும் கொடுத்தார்கள். அதில் ‘இலக்கு எடை’ என்று ஒரு கட்டம். நீங்கள் எழுதுவதுதான், ஆறு மாதத்தில் அதை எட்டினால் பழைய வேலை, இல்லாவிட்டால் அலுவலகத்தில் ஃபோன் எடுக்கும் வேலை என்றார்கள். அவன் ஒரு நொடி யோசித்திருப்பானா, சந்தேகம்தான். அறுபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஆள் என்றால் அறுபத்தெட்டு. நாமும் ஒரு ஆள்தானே!

அதற்கப்புறம் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். வேகவைத்த காய்கறியைப் பார்த்தால் இப்போது அழுகை வருகிறது. காலையில் முக்கால் மணி நேர நடை, சாயங்காலம் அரை மணி. டீயில் சர்க்கரை கிடையாது, டீக்கு அப்புறம் எதுவும் கிடையாது. முதல் நாலு மாதத்தில் பதினொரு கிலோ இறங்கியது. அப்புறம் முள் அசையவில்லை. எடை மெஷினைக் குளியலறையிலிருந்து கூடத்துக்கு மாற்றிப் பார்த்தான். குளிப்பதற்கு முன்னால் நின்றான், குளித்த பின்னால் நின்றான், மூச்சை வெளியே விட்டுவிட்டு நின்றான். ஏழு வாரமாகத் தொண்ணூற்றெட்டு. சில நாள் தொண்ணூற்றெட்டரை. முந்தின நாள் வெறும் வெள்ளரிக்காயைத் தின்றுவிட்டு மறுநாள் அரை கிலோ ஏறினால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

கிளினிக்கில் நர்ஸ் அவனை நிறுத்திப் பார்த்துவிட்டுக் கோப்பைப் புரட்டினாள். போன தடவை இருந்த நர்ஸ் இல்லை, புதிதாக வந்தவள். அவள் புருவம் மேலே போனது.

“அறுபத்தெட்டா? யாரு எழுதினது?”

“நான்தான் சிஸ்டர்.”

“இன்னைக்கு தொண்ணூத்தெட்டு இருநூறு. முப்பது கிலோ பாக்கின்னுதான் நான் எழுதணும். இலக்கை எட்டலைன்னு ஆயிடும்.”

அவனுக்குச் சுருக்கென்று ஏறியது. “பதினோரு கிலோ குறைச்சிருக்கேன் சிஸ்டர். அதுக்கு அந்தத் தாள்ல ஒரு இடமும் இல்லையா?”

“இல்லையே அண்ணா. இந்தத் தாள்ல அப்படி ஒரு கட்டமே இல்ல” என்றாள். உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். பிறகு கோப்பை மூடி வைத்துவிட்டு, “நீங்க அறுபத்தெட்டு கடைசியா எப்ப இருந்தீங்க?” என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். வேலைக்குச் சேர்ந்தபோது எழுபத்தைந்து. அதற்கு முன்னால் யார் நிறுத்திப் பார்த்தார்கள்? பதினேழு, பதினெட்டு வயதில் இருந்திருக்கலாம். ஜன்னலைப் பார்த்தான். பையன்கள் எடையை நாற்பத்தாறு வயதில் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று இப்போதுதான் உறைத்தது.

“மேல கேட்டு இன்னொரு மூணு மாசம் வாங்கித் தரேன்” என்றாள் நர்ஸ். “இதுதான் கடைசி. புதுத் தாள். பெல்ட்டு நூறு, உங்க சாமான் அஞ்சு. அப்ப தொண்ணூத்தஞ்சு போதும். தொண்ணூத்தஞ்சுன்னு எழுதுங்க அண்ணா, என் பேச்சக் கேளுங்க.”

“தொண்ணூத்தஞ்சுன்னாலும் குண்டுதானே சிஸ்டர்.”

“ஆமா. ஆனா பெல்ட்டு தாங்கும்.”

அவனுக்கு அது ஆறுதலாக இல்லை. மூன்று கிலோ. ஆறு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியவனிடம் போய், போதும்ப்பா, பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்று முதுகில் தட்டுகிற மாதிரி இருந்தது. எண்பது என்று எழுதினால் என்ன? எழுதலாம். மூன்று மாதம் கழித்து ஃபோனுக்குப் பக்கத்தில் உட்காரலாம். இன்னொரு பக்கம் பார்த்தால், ஏழு வாரமாக அசையாத உடம்பு அந்த மூன்று கிலோவைத்தான் தரும் என்று யார் கண்டது? தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காலையில் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தான். கீழே போக லிஃப்ட் காலியாக வந்து நின்றது. அவன் படியிலேயே இறங்கினான்.

ஃபோன் வேலை மோசமான வேலை இல்லை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு. ஆனால் குழிக்குள் நிற்கிற அந்த நேரத்துக்காகத்தான் அவன் வேலைக்கே போனான். கேபின் தலையில் நின்றால் மேலே கயிறுகள் இருட்டுக்குள் போய் மறையும். ஒவ்வொரு மாடிக் கதவுக்குப் பின்னாலும் ஆட்கள் பேசுவது கேட்கும், அவர்களுக்கு இவன் இருப்பது தெரியாது. கயிற்றில் உள்ளங்கையை வைத்தால் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். ஒல்லிக்கு இன்னும் அது வரவில்லை. கீழே நின்று டார்ச் அடித்துக்கொண்டு, “இடது பக்கம்டா, இடது பக்கம்” என்று கத்திக் கத்தி இந்த ஆறு மாதத்தில் அவனுக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வரும்போது மனைவி முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவள்தான் தையல்காரி. கடுகடுத்த முகத்தோடு வந்தவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள். அவன் லுங்கிக்கு மாறி, பேண்ட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு விட்டுப்போன இடத்தைக் காட்ட வந்தான். வந்தவன் பாதியில் நின்றுவிட்டான்.

பேண்ட்டின் உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் பட்டை பட்டையாகத் துணி மடித்து இஸ்திரி போட்டு வைத்திருந்தது. ஆறு மாதத்தில் அந்தப் பேண்ட்டை அவள் மூன்று தடவை பிடித்துக் கொடுத்திருந்தாள். மூன்று தடவையும் பிடித்த துணி வெட்டாமல் அப்படியே உள்ளே இருந்தது. வெளிப்பக்கம் நீலம் துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. உள்ளே மடிந்திருந்த துணி மட்டும் வாங்கிய அன்று இருந்த கருநீலத்தில் பளபளவென்று இருந்தது.

“இத ஏன் வெட்டல?” என்றான்.

“தையல்னா உள்ள துணி விடுறதுதான்.”

“இவ்வளவா? நான் திரும்ப ஊதுவேன், அப்பப் பிரிச்சு விடலாம்னுதானே வெச்சிருக்க?”

அவள் மெஷினை நிறுத்தினாள். “அப்பப் பிரிச்சு விடலாம்னுதான் வெச்சிருக்கேன்” என்றாள். “எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை குறைச்சீங்களே. என்ன சொன்னீங்க? அடியோட வெட்டு, இனிமே ஏறாதுன்னீங்க. வெட்டினேன். அடுத்த வருஷம் நாலு பேண்ட்டு, ஒண்ணுல கூட காலு நுழையல. அத வெச்சு இன்னும் தரை துடைச்சுக்கிட்டிருக்கேன்.”

“அப்ப உனக்கே என் மேல நம்பிக்கை இல்ல.” அவன் குரல் உயர்ந்தது. “வெளியில லிஃப்டு கத்துது, அங்க அந்தத் தாள் முப்பது பாக்கிங்குது, வீட்டுக்கு வந்தா பேண்ட்டுக்குள்ள நீ இன்னொரு பேண்ட்டு தெச்சு வெச்சிருக்க! நான் எதுக்குத்தான் பட்டினி கிடக்கறேன்?”

“உங்க மேல நம்பிக்கை இருக்கு” என்றாள் அவள். “அந்த அறுபத்தெட்டு மேலதான் இல்ல.”

அவன் பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மெஷின் பலகையில் போட்டான். அவள் அதை எடுத்து, துணியின் அளவுச் சீட்டைப் படிப்பதுபோல மேலிருந்து கீழ் வரை படித்தாள். கட்டம் காலியாக இருந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையிலிருந்த பேண்ட்டை வாங்கித் தையலைப் பிரித்தாள். மூன்று தடவை போட்ட நூலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. துணியைப் பலகைமேல் விரித்து நீவினாள்.

“ஒரு நம்பர் சொல்லுங்க. ஆசைப்படுறத சொல்லாதீங்க. எதுல நிப்பீங்களோ அத சொல்லுங்க. இன்னைக்கே வெட்டிடறேன்.”

பெரிய கத்தரிக்கோலை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்பது என்று சொல்ல நாக்கு துடித்தது. எண்பத்தைந்து என்றாவது சொல்லலாம், கௌரவமாக இருக்கும். ஆனால் சொன்னால் அவள் வெட்டிவிடுவாள். வெட்டிய துணி ஒட்டாது. ஏழு வாரத்துத் தொண்ணூற்றெட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்தான். ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது, இரண்டு நாள் நடக்காவிட்டால் எவ்வளவு ஏறுகிறது என்று நினைத்தான். லிஃப்டில் நின்ற ஐந்து பேரை நினைத்தான். தொண்ணூற்றைந்தாக இருந்திருந்தாலும் இன்றைக்கு அது கத்தித்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்தும் கத்தும். அந்தக் காய்கறிப் பைக்காரி அப்போதும் அவனைத்தான் பார்ப்பாள். நெஞ்சுக்குள் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அது யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை.

“தொண்ணூத்தஞ்சு” என்றான். தோற்றுப்போனவன் குரல் மாதிரி இருந்தது அது.

அவள் சிரிக்கவில்லை, தலையாட்டவும் இல்லை. “நிக்குமா?”

“நிக்கும்னுதான் நினைக்கறேன்.”

“முதல்ல தாள்ல எழுதுங்க.”

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். அதை வேண்டாமென்று தள்ளிவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். ஒன்பது எழுதினான். கொஞ்சம் நிறுத்தினான். ஐந்து எழுதினான். கட்டம் சிறியது, இரண்டு எண்ணும் அதற்குள் சரியாக உட்கார்ந்துவிட்டன.

அவள் அளவு நாடாவை வைத்து, சுண்ணக் கட்டியால் துணியில் ஒரு கோடு இழுத்தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, அரை இஞ்சு துணி கூடுதலாக விட்டு வெளிப்பக்கம் இன்னொன்று இழுத்தாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

கத்தரிக்கோல் புதுக் கோட்டின் மேல் நிதானமாக நகர்ந்தது. வெளுக்காத கருநீலத் துணி நீளமாகக் கழன்று வந்து, மை காயாத தாளின் மேல் விழுந்தது.