வீடியோவில் வராத பகுதி

ராஜவேல் போன்களைப் பற்றிப் பேசி யூடியூபில் வீடியோ போடுகிறவன். அதற்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரு மொபைல் கடையில் சில வருஷம் வேலை பார்த்தான். வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே வாய் பழகிவிட்டது. மற்றவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்து போனைச் சுழற்றிக் காட்டினார்கள். இவன் மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்று பேசினான். "வெயில்ல காட்டுறேன், வேர்வையில காட்டுறேன், நம்மள மாதிரி ஆளுங்க கையில எப்பிடி இருக்குதுன்னு காட்டுறேன்" என்பதுதான் ஒவ்வொரு வீடியோவிலும் அவன் முதலில் சொல்வது. அந்தப் பேச்சை நம்பித்தான் ஜனங்கள் பார்த்தார்கள்.

சித்திரை மாசம் ஒரு கம்பெனி முதல் தடவையாக அவனுக்கே நேராக ஒரு போனை அனுப்பி வைத்தது. அதுவரை கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு நாள் இரவல் வாங்கித்தான் படம் எடுப்பான். பார்சலை அவசரமாகப் பிரித்தான். கம்பெனியின் பெரிய போனில் இருக்கிற அதே சிப், ஏறக்குறைய அதே கேமரா. பாடி மட்டும் பிளாஸ்டிக், விலை நன்றாகக் குறைவு. "ஃபிளாக்‌ஷிப் போன், ஆனா நம்மளால வாங்க முடியுற ஃபிளாக்‌ஷிப்" என்று வரப்பில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

வீடியோ எடுக்கப் போன அன்று உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் சாமுண்டீஸ்வரியின் ஆட்கள். அவளும் ராஜவேல் தெருவில்தான் இருந்தாள். புருஷன் இல்லை, பூவிழி என்று ஒரே பெண். நாளைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று உப்பள ஏஜெண்டு அவளுக்குத்தான் போன் போடுவார். அவள் மற்ற பெண்களைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு வருவாள்.

"ஏம்பா ராஜவேலு, நாங்களும் இதுல தெரிவோமா?" என்றாள்.

"நீங்க இல்லாம உப்பளம் ஏதுக்கா. நிமிர்ந்து சிரிங்க."

சிரித்தாள். பிளாஸ்கிலிருந்து அவனுக்கும் டீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் வீடியோவில் வந்தது.

வெயில் ஏறியதும் போனை உப்பு அம்பாரத்தின் மேல் வைத்து, "பாருங்க, இந்த வெளிச்சத்துலயும் ஸ்கிரீன் எவ்ளோ தெளிவா இருக்குது" என்று ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் திரை மங்கியது. பிறகு ஒரு எச்சரிக்கை வந்தது. போன் அதிகமாகச் சூடாகிவிட்டதாம், ஆறவிட வேண்டுமாம். அவன் தொடுவதற்குள் அணைந்துவிட்டது. கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்த பிறகுதான் உயிர் வந்தது.

வீட்டில் எடிட் செய்ய உட்கார்ந்தபோது அந்தப் பகுதி முழுசாக இருந்தது. "அய்யய்யோ, ஆஃப் ஆயிடுச்சே" என்று அவனே கத்துவது கூட. அதையெல்லாம் வெட்டினான். கம்பெனியில் யாரும் அவனிடம் இதைச் சொல்லாதே என்று கேட்கவில்லை. முதல் தடவை நம்பி அனுப்பியிருக்கிறார்கள், எடுத்த எடுப்பிலேயே குறை சொன்னால் அடுத்த போன் வராது என்று அவனே நினைத்துக்கொண்டான். உச்சி வெயிலில் யார் போனை வைத்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள் என்றும் நினைத்தான். திரையில் அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் அதே உச்சி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் இப்படிப் பேசிச் சேர்த்தான்: "டெய்லி யூஸுக்குக் கண்ண மூடிட்டு வாங்கலாம். வெயில்ல வேலை செய்றவங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன்."

வீடியோ நன்றாக ஓடியது.

வைகாசியில் சாமுண்டீஸ்வரி அந்தப் போனையே தவணையில் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தாள். பழைய போனின் கண்ணாடி உடைந்து விரலைக் கிழித்துக்கொண்டிருந்ததாம். "சின்னதா ஒண்ணு வாங்கலாம்னுதான் போனேன். கடையில உன் வீடியோவ காட்டுனாங்க. அதுல நான் வேற இருக்கிறேன். அப்பறம் இன்னா யோசனை, இதையே குடுன்னுட்டேன்" என்று சிரித்தாள். ராஜவேல் திரையின் மேல் காப்புக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்தான். வெயிலில் வைக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால், ஏன் வீடியோவில் சொல்லவில்லை என்று கேட்பாள். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

பூவிழி அந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங்தான் படிப்பேன் என்று இருந்தாள். பாண்டிச்சேரிப் பக்கம், தினமும் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. அதை ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த நம்பர் அம்மாவுடையது என்பதால் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். சர்டிபிகேட் கைக்கு வரத் தாமதமாகி, கடைசி நாள் மத்தியானம்தான் அவளால் திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போக முடிந்தது.

"அம்மா, போன கையிலயே வெச்சிரு. நம்பர் வந்ததும் எனக்குப் படிச்சுச் சொல்லணும்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனாள்.

மழை வரும் என்று பேச்சு இருந்ததால் அன்றைக்கு மத்தியானமும் லாரியில் லோடு ஏற்றினார்கள். தலையில் சுமை. இடுப்பில் வைத்தால் சத்தம் கேட்காது என்று சாமுண்டீஸ்வரி போனை எடுத்து, கண்ணுக்கு எதிரிலேயே இருக்கட்டும் என்று மூட்டைகளின் மேல், திரை மேலே தெரிகிற மாதிரி வைத்தாள். ஒவ்வொரு நடைக்கும் வந்து பார்த்தாள். ஒரு நடை முடிந்து வந்து பார்த்தபோது திரை கறுப்பாக இருந்தது. அமுக்கினாள், ஊதினாள், முந்தானையால் துடைத்தாள். மகளின் நம்பர் அந்தப் போனுக்குள்ளேதான் இருந்தது, மனப்பாடம் இல்லை. பக்கத்தில் இருந்த பெண்ணின் போனை வாங்கி வைத்துக்கொண்டு யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் நின்றாள். சாயங்காலம் மறுபடி அமுக்கியபோது போன் எழுந்தது, பூவிழி கூப்பிட்டதாக மெசேஜ்கள் வரிசையாக வந்தன. சென்டரை மூடிவிட்டார்கள். இடம் போய்விட்டது.

மறுநாள் காலையில் போனை ஈரத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ராஜவேலிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. நடந்ததைச் சொன்னாள்.

"நான்தான் போனக் கெடுத்துட்டேன் போலக்குது தம்பி. நீ அம்பாரத்து மேல வெச்சப்ப அதுக்கு ஒண்ணும் ஆவல. எனக்குத்தான் வெச்சுக்கத் தெரியல."

ராஜவேல் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்க்க ஒன்றும் இல்லை. அவளை நிமிர்ந்து பார்க்காமல் இருக்க அது உதவியது.

"போனு நல்லாத்தான் இருக்குதுக்கா. வெயில்ல வெச்சா அப்பிடித்தான் ஆவும். நெழல்ல வெக்கணும்."

"அதான் பூவிழியும் திட்டுது. இவ்ளோ நல்ல போன வாங்கி வெச்சிக்கினு இப்பிடிப் பண்ணிட்டியேன்னு."

அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவன் பதில் சொல்வதற்குள் அவளே, "உன் மேல தப்பு இல்ல தம்பி, நீ நல்லதாத்தான் சொன்ன" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவன் தலையை ஆட்டினான்.

அதற்குப் பிறகு சாமுண்டீஸ்வரி போனை ஒரு டிபன் பாக்ஸில் ஈரத் துணி விரித்து வைத்து எடுத்துப் போனாள். உப்பளத்தில் யாராவது கேட்டால், "போனு தங்கம். எனக்குத்தான் கையாளத் தெரியல" என்றாள். அந்தப் பேச்சு ராஜவேல் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. தெருவில் அவள் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசுவதுபோல் போனான். சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் ஒரு நாள் கேமராவை எடுத்து மேஜை மேல் வைத்து உட்கார்ந்தான்.

"நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தான். வெட்டிய பகுதியை அப்படியே போட்டான். அதன் பிறகு, எங்கள் ஊர் அக்கா ஒருத்தர், அவர் மகளின் காலேஜ் சீட்டு, மூட்டை மேல் வைத்த போன் என்று எல்லாவற்றையும் சொன்னான். பேர் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது, அவள் சிரித்துக்கொண்டே டீ கொண்டுவரும் படத்தைச் சேர்த்தான். பேசுகையில் நிஜமாகவே அழுகை வந்தது. அழுத இடத்தை வெட்டவில்லை.

பழைய வீடியோவைவிட இது பல மடங்கு ஓடியது. 'மனுஷன்யா நீ', 'இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையா' என்று கமெண்டுகள் குவிந்தன. ராஜவேலுக்கு வெகு நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசானது. ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டான்.

இரண்டு நாள் கழித்துப் பூவிழி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, இத எங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"உள்ள வாம்மா."

"சொன்னீங்களா, இல்லியா?"

"இன்னும் இல்ல. சொல்லணும்னுதான்..."

"ஊரு உலகத்துக்கெல்லாம் சொல்லிட்டீங்க. லாரி டிரைவரு அம்மாகிட்ட வந்து 'நீதான அந்தப் போனு அக்கா'ன்னு சிரிக்கிறாரு. அம்மாவுக்கு இன்னா விஷயம்னே புரியல. வீட்டுக்கு வந்து என்னைக் கேக்குது."

ராஜவேல் எதையோ சொல்லத் தொடங்கினான். அவள் விடவில்லை.

"அன்னிலேருந்து நான் அம்மாகிட்ட பேசல. சோறு போட்டா தட்ட எடுத்துக்கினு தனியா போயி உக்காந்துக்குவேன். என் படிப்பக் கெடுத்தது நீதான்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அது பதில் பேசாம அழுவும். உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது. நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறீங்க."

அழுகையை அவனுக்குக் காட்டக் கூடாது என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ராஜவேல் கமெண்டுகளைத் திறந்து பார்த்தான். காலையில் இனித்த வார்த்தைகள்தான். ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. வீடியோவை யூடியூபிலிருந்து நீக்கிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு சாமுண்டீஸ்வரி வீட்டுக்குப் போனான். அவள் முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவன் நின்றபடியே சொன்னான். அன்றைக்கு அம்பாரத்தின் மேல் என்ன ஆனது, அதை ஏன் வெட்டினான், எல்லாம். கேமரா முன்னால் அவ்வளவு சரளமாக வந்த பேச்சு இங்கே துண்டு துண்டாக வந்தது.

சாமுண்டீஸ்வரி ஒரு புடவையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

"துண்டுல சுத்தி உன்கிட்ட கொண்டாந்தேனே, அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்கா."

"நான்தான் கெடுத்தேன்னு சொன்னேன். நீ தலைய ஆட்டுன."

"ஆமாக்கா."

அவள் கொடியில் புடவையை விரித்துப் போட்டு, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள்.

"போனு சூடாவட்டும், ஆவாம போவட்டும். அத விடு. நான் எம் பொண்ணு கால்ல விழுந்தேன்பா" என்றாள். திட்டுகிற குரலில் இல்லை. ஏதோ விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். "சரி, நீ போ. எனக்கு வேலை கெடக்குது."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க நினைத்து வந்திருந்தான். கேட்டால், அதற்கும் அவள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேட்காமலே திரும்பினான்.

அந்த மாசம் அவன் வீடியோ எதுவும் போடவில்லை. கம்பெனியிலிருந்து, வருத்தமாக இருக்கிறது, இனிமேல் போன் அனுப்ப இயலாது என்று மெயில் வந்தது. நியாயப்படி பார்த்தால் அதில் அவனுக்கு ஏமாற்றம் இருந்திருக்க வேண்டும், இல்லை. பாதி கடனை அடைத்ததுபோல் தோன்றியதும், அப்படித் தோன்றியதற்கே வெட்கப்பட்டான். பழைய கடையில் போய்க் கேட்டான், திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். போன் வாங்க வருகிறவர்களிடம் முதலில் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தான். வெயிலில் என்றால், அந்தப் போன் வேண்டாம் என்றான். முதலாளி முறைத்தார்.

கவுன்சிலிங்கின் அடுத்த சுற்றில் பூவிழிக்கு சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும்.

அவள் புறப்பட்ட அன்று ராஜவேலும் வேலைக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். அம்மாவும் பெண்ணும் ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் பழக்கடைத் தள்ளுவண்டியின் மறைவுக்கு நகர்ந்தான். பூவிழி அம்மாவின் ஜாக்கெட் கை மடிப்பைச் சரிசெய்துகொண்டே ஏதோ சொன்னாள், சாமுண்டீஸ்வரி அவள் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். திண்டிவனம் பஸ் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். பெட்டி கனமாக இருந்தது, இரண்டு பேரும் இழுத்தும் படியில் ஏறவில்லை.

"ஏம்பா ராஜவேலு" என்று சாமுண்டீஸ்வரி கூப்பிட்டாள். அவன் அங்கே நிற்பது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. "இத கொஞ்சம் தூக்கி வைப்பா."

ஓடிப்போய்த் தூக்கி வைத்தான். பூவிழி அவனைப் பார்க்காமல் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவனும் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும். ஏறவில்லை. பஸ் கிளம்பி வளைவில் திரும்புகிற வரை சாமுண்டீஸ்வரி கையை அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனிடம், "அடுத்த வண்டி எப்ப?" என்று கேட்டாள்.

"அரை மணி நேரம் ஆவும்கா."

"சரி" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் நடந்தாள்.