நாற்பத்தொன்றாம் எண் ஊழியரின் வருகைப் பதிவு

மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போன நாற்பத்தொன்றாம் எண் ஊழியர், பதினான்காம் நாள் காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு வேலைக்கு வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் தொழிற்சாலை அது. வாசலில் விரல் வைக்கும் மெஷின் இருந்தது. விரல் வைத்தால் "நன்றி" என்று சொல்லிக் கதவைத் திறக்கும். வருடக்கணக்கில் லென்ஸ் தேய்த்தவர்களுக்குக் கைரேகையும் சேர்ந்து தேய்ந்துபோயிருந்ததால், உயிரோடு இருப்பவர்கள் விரலைத் துடைத்து, எச்சில் தொட்டு, மெஷினை நாலு திட்டுத் திட்டி, அப்புறம்தான் உள்ளே போக முடியும். நாற்பத்தொன்றுக்கு மட்டும் முதல் தடவையே நன்றி சொன்னது. மெஷின் முன்னால் ஆள் இல்லை. கதவு திறந்தது, கொஞ்ச நேரம் காத்திருந்தது, மூடிக்கொண்டது.

அங்கே வருகைப் பதிவு பார்த்தவள் அவருடைய மனைவியேதான். இறந்தவர்களின் விரலை மெஷினிலிருந்து அழிப்பதும் அவள் வேலை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள், கை வரவில்லை. அதனால் வந்த வினை என்று சிலர் சொன்னார்கள். எதனால் வந்தால் என்ன, மனிதர் ஆறு வருடம் ஒரு நாள் தவறாமல் வந்தார். சாப்பாட்டு மேசையில் இடம் கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை, ஆகவே மேலாளரும் கண்டுகொள்ளவில்லை. வெளியே போனதாக மட்டும் பதிவே கிடையாது. வீட்டுக்கு ஒரு நாளும் வரவில்லை. அதுதான் அவளுக்கு ஆறாத கோபம். உயிரோடு இருந்தபோதும் ஓவர்டைம், ஓவர்டைம் என்று இங்கேயே கிடந்த மனுஷன்தானே, செத்தும் புத்தி வரவில்லையே என்று சமையலறையில் தனியாக நின்று திட்டுவாள். ஆனாலும் காலையில் அந்த நன்றியைக் கேட்டால்தான் அவளுக்கு அன்றைய நாள் ஓடும்.

பதினோரு மணி டீயின்போது சூப்பர்வைசர் கைப்பேசியில் அறிவியல் செய்திகளை உரக்கப் படிப்பது அங்கே வழக்கம். கேட்பவர்கள் எந்தச் செய்தியையும் சொந்த விஷயமாகவே எடுத்துக்கொள்வார்கள். எறும்புகூட வேலைக்கு நடுவே குட்டித் தூக்கம் போடுகிறதாம் என்று படித்தபோது, "கொடுத்து வச்ச எறும்பு" என்று பேக்கிங் அக்கா பெருமூச்சு விட்டாள். ஒரு நாள், முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் மெஷின் வந்திருப்பதாகவும், உயிருள்ள முகத்தை மட்டுமே அது ஏற்கும் என்றும் படித்தார்.

"அப்ப மூணு மணிக்கு மேல நம்மள ஒருத்தரையும் உள்ள விடாது" என்றாள் பேக்கிங் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் நம் வாசலிலும் அதே மெஷின்தான் என்று மேலாளர் அனுப்பிய தகவல் அவர் கைப்பேசியில் இருந்தது. நாற்பத்தொன்றின் மனைவி பக்கம் பார்க்காமலே அதையும் படித்து முடித்தார்.

மெஷின் மாட்ட வந்தவன் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து, இடது வலது திரும்பச் சொல்லி, கண் சிமிட்டச் சொல்லிப் பதிந்துகொண்டான். கடைசியாக அவள் கணவரின் அடையாள அட்டையை நீட்டினாள்.

"படம்னா கண்டுபிடிச்சிரும்மா. கண்ணு சிமிட்டணும்."

"ஒரே ஒரு தடவை காட்டிப் பாருங்க தம்பி."

காட்டிப் பார்த்தான். "முகம் தெரியவில்லை" என்றது மெஷின்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, அவர் கண் சிமிட்டியதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அட்டையிலிருந்த படம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவர் சிரிப்பார், சிடுசிடுப்பார், சாப்பிட்டுக்கொண்டே பேசுவார் என்பதெல்லாம் தெரிந்தது; அந்த முகங்கள் மட்டும் வரவில்லை. ஒற்றை விரலைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு மிச்ச மனுஷனைத் தொலைத்துவிட்டோமே என்று அழுதாள். அவர் இறந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

புது மெஷின் வேலை செய்யத் தொடங்கிய முதல் காலை, எட்டு ஐம்பத்திரண்டுக்கு, வரிசையில் நின்றவர்கள் யாரும் சொல்லாமலே முன்னால் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். "முகம் தெரியவில்லை" என்றது மெஷின். மறுபடியும் சொன்னது. மூன்றாம் முறை சொன்னபோது அவள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, கதவின் பொத்தானைக் கையால் அழுத்தினாள்.

"அது கெடக்குது. நீங்க உள்ள வாங்க" என்றாள், ஆளில்லாத இடத்தைப் பார்த்து.

வரிசையிலிருந்த சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார்.

"இன்னும் கொஞ்சம் மேல பாருங்க அண்ணி. அண்ணன் நல்ல உயரம்."

அவள் பார்வையை நாலு விரற்கடை உயர்த்தினாள். கதவு மூடும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் நடக்கிறது. அந்த வேளையில் அங்கே யாரும் அவசரப்படுத்துவதில்லை.