ஐந்து மில்லிமீட்டர் பள்ளம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் என் மாமியார். எழுதாதே என்று சொன்னவரும் அவரே. இரண்டு பேச்சுக்கும் நடுவில் நாங்கள் ஒரு படகு கட்டினோம்.

கயாக். காலை நீட்டி உட்கார்ந்து, இருமுனைத் துடுப்பால் தள்ளிப் போகிற ஒல்லிப் படகு. எங்களுடையது இருவர் அமர்வது. அதற்கான வரைபடத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் நான். ஒரு மாதம் தங்கிப் போகலாம் என்று வந்த மாமியார் அதை எடுத்து விரித்தார்.

"இதை என்ன அழகு பாக்கவா வாங்கின? மரம் எங்க கிடைக்கும்னு கேளு."

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஏரியின் மேல் மெல்லிய பனி படர்ந்திருந்த காலையில், இரண்டு பெண்கள்..."

[அடித்தாயிற்று. அப்போது நாங்கள் ஏரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் தும்மிக்கொண்டிருந்தோம். மரத்தூள்.]

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மாமியார் நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஒரு கோடு மயிரிழை தப்பினாலும் தாளையே கிழித்துப் போடுவார் என்று பெயர். நான் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதிப் பிழைப்பவள். 'இயந்திரம் ஓடவில்லையெனில் முதலில் மின் இணைப்பைச் சரிபார்க்கவும்' என் வாக்கியம்தான். என் கணவர் எங்கள் இருவருக்கும் தேநீர் வைத்துவிட்டு, கருத்துச் சொல்லாமல் நகர்கிறவர். அந்தச் சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது.

மாமியார் வரைபடத்து அளவுகளை ஒட்டுப்பலகையில் குறிப்பார், நான் அறுப்பேன். இப்படிச் செய்த குறுக்குச் சட்டங்களை நீளமான அடிக்கட்டையின் மேல் வரிசையாக நிறுத்தி, பக்கவாட்டில் மரப்பட்டிகளை வளைத்துக் கட்ட வேண்டும். மீனின் விலா எலும்பு மாதிரி இருக்கும். கட்டினோம். நான் ஒரு நுனியில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் பட்டியின் நெடுகப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய வளைவு மூன்று இடத்தில் உள்ளே ஒட்டிக் கிடந்தது.

"அத்தை, இங்க பள்ளமா இருக்கு."

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

(இந்த வரியை எழுதும்போதே நான் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். கதை ஓடிக்கொண்டிருந்தது, நானும் கூடவே ஓடினேன்.)

3

கையேட்டுக்காரியின் புத்தி வேலை செய்தது. அடிக்கட்டை முறுக்கிக்கொண்டதா? நூல் கட்டிப் பார்த்தேன், நேராகவே இருந்தது. சட்டங்கள் சாய்ந்து நிற்கின்றனவா? இல்லை. ஏதாவது முன்பின் மாறிவிட்டதா? அதுவும் இல்லை.

"அம்மா தப்புப் பண்ண மாட்டாங்க. பிளான்லதான் தப்பு," என்றார் கணவர். அவர் அபூர்வமாகச் சொன்ன கருத்து அது.

வரைபடம் விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். எத்தனையோ பேர் கட்டியிருக்கிறார்கள், யாரும் குறை சொன்னதில்லை என்று பதில் வந்தது. எங்கள் அலுவலகத்திலும் இதே பதிலைத்தான் எழுதுவோம் என்பதால் நான் நம்பவில்லை.

கடைசியில் சட்டங்களைக் கழற்றி, வரைபடத்தின் மேல் வைத்து அளந்தேன். நடுக்கோட்டிலிருந்து ஓரம் வரை 298 இருக்க வேண்டிய இடத்தில் 293. 278க்கு 273. 268க்கு 263. மூன்று சட்டத்திலும் பக்கத்துக்கு ஐந்தைந்து மில்லிமீட்டர் குறைவு. வரைபடத்தில் பிழையே இல்லை.

கை தவறினால் பிழை கண்டபடி சிதறும். இது வரிசை கட்டி நின்றது. இவ்வளவு ஒழுங்கான பிழையை வேண்டுமென்றேதானே செய்ய முடியும்?

4

ஆகவே இப்படி எழுதினேன்: "படகு முடிந்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அவளுக்கு மனம் வரவில்லை. மருமகளோடு கழியும் இந்தப் பகல்கள் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று பென்சிலைச் சற்றே உள்ளே தள்ளி..."

(நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைப் பிரிய மனமில்லாமல் மாமியார் படகையே கெடுத்தார் என்று எழுதும் பாக்கியம் எத்தனை மருமகளுக்குக் கிடைக்கும்?)

தாளை அவரிடம் நீட்டினேன்.

"கண்ணாடி உள்ள இருக்கு. நீயே படி."

படித்தேன். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு சட்டத்தை எடுத்து அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"அப்போ நெஜம் வேறயா அத்தை?"

"எட்டும் மூணும் எனக்கு ஒண்ணாத் தெரியுது. கொஞ்ச நாளாவே இப்படித்தான். இங்க வரும்போது தப்பான பஸ்ல ஏறி, பாதி வழியில இறங்கி நின்னேன். அதான் கிளம்பாம இருக்கேன். உன் மேல பிரியம் இல்லாம இல்லம்மா. ஆனா என் வீடு என் வீடுதானே."

என் கையில் இருந்த தாள் திடீரென்று அசடாகத் தெரிந்தது.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா தனியா இருக்க விடுவீங்களா? உன் புருஷன் மறு நிமிஷமே வீட்டை வித்துடலாம்பான். இதை எழுதாதே. வேணும்னே பண்ணவளாவே இருக்கேன்."

5

கண்ணில் புரை, சின்ன அறுவைசிகிச்சை போதும் என்றார் கண் டாக்டர். வீட்டை விற்கும் பேச்சை எடுக்கக் கூடாது என்று அதற்கு முன்பே கணவரிடம் வாக்கு வாங்கியிருந்தேன்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றார்.

[சொல்லியிருக்கிறார். யாரிடம் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.]

முதலில் ஒரு கண், பிறகு மற்றது. அந்த இடைவெளியில், குறைந்த அளவுக்கு மெல்லிய துண்டுகளை அறுத்துச் சட்டங்களின் ஓரத்தில் ஒட்டி வைத்தேன். பள்ளம் போய்விட்டது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்து, கண் தெளிந்ததும் மாமியார் நேரே கொட்டகைக்கு வந்தார். பட்டியில் கன்னத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப நல்லாத் தெரியுது. எவ்வளவு மோசமா ஒட்டி வெச்சிருக்க."

மூன்று சட்டத்தையும் தூக்கி எறிந்துவிட்டு, புதிதாகக் குறித்து, இம்முறை அவரே அறுத்தார். பிறகு நான் முதலில் எழுதியதையும், அவர் எழுதாதே என்றதைக் கேளாமல் எழுதி வைத்திருந்த நிஜத்தையும் வாங்கித் தானே படித்தார்.

"மொத கதைதான் கேக்க நல்லா இருக்கு. ரெண்டாவதுதான் நடந்தது. நடந்ததையே போடு. பிளான் போட்டவன் மேல பழி போடாதே, அளவைத் தப்பாக் குறிச்சது நான்தான்னு தெளிவா எழுது."

6

முடிவுக்கு வர வேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: படகு மிதந்த வாரமே அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுகிறார். இருவர் படகில் நான் ஒருத்தி...

இரண்டு: "இந்தப் படகுல எடை அதிகம். அடுத்ததை இன்னும் லேசாக் கட்டணும்" என்று சொல்லி அவர்...

இரண்டையும் எழுதி முடிக்க எனக்கு மனமில்லை, நேரமும் இல்லை. சட்டங்களின் மேல் தோலாகத் துணி போர்த்தி, தண்ணீர் புகாத பூச்சுக் காய்ந்து, எங்கள் படகு இப்போது ஏரியின் நடுவில் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை. முன் இருக்கையில் மாமியார். பின்னால் உட்கார்ந்து இந்த வாக்கியத்தை மனதுக்குள் நான் திருத்திக்கொண்டிருப்பது, திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

"கதையை அப்புறம் எழுதிக்கலாம். துடுப்பை ஒழுங்காப் போடு."

சரிதான். இரண்டு கையும் துடுப்பில் இருக்கிறது. அவர் ஊருக்குப் போனாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இப்போதெல்லாம் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.