தேனில் குழைத்த பொடி

ஆத்தூர் பெருமாள்சாமிக்குக் கால் பெருவிரலில் முள் ஏறிய புண் ஆறவே இல்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று திண்டுக்கல் டாக்டர் ஷாஹினா சொன்னதிலிருந்து அவர் மனைவி ராமுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரையை ஒரு வேளை தவறாமல் கொடுத்தாள். போதாதென்று சந்தையில் விற்ற நாவல்கொட்டைப் பொடியையும் கொடுத்தாள். நாட்டு மருந்தைச் சும்மாவா கொடுப்பார்கள்? தேனில் குழைத்துத்தானே கொடுக்க வேண்டும்! அதுவும் சுத்தமான சிறுமலைத் தேன். புண் ஆறவில்லையென்று பொடியைக் கூட்டினாள். “கசக்குதுத்தா” என்று அவர் முகம் சுளித்ததும் தேனையும் கூட்டினாள். மனிதர் சமர்த்தாக வாயைத் திறந்தார்.

மாத்திரை தின்றும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று டாக்டருக்குப் புரியவில்லை. பெருமாள்சாமியின் புஜத்தில் காசளவு வில்லை ஒன்றை ஒட்டினார். “இது ராப்பகலா சர்க்கரையப் பாத்துக்கிட்டே இருக்கும்மா. போன்ல கோடாத் தெரியும்” என்றார்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் பொடியைக் கொடுத்துவிட்டு, ராமுத்தாய் விளையாட்டாகத்தான் போனைப் பார்த்தாள். செத்த நேரத்தில் கோடு ஏறத் தொடங்கியது. ஏறி ஏறி, மலைக்கோட்டை மாதிரி நிமிர்ந்து நின்றது. ஆத்தாடி! சாயங்காலமும் பொடி கொடுத்தாள். அதே ஏற்றம். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தோலுக்கடியில், சத்தமே இல்லாமல், இம்புட்டு நடக்கிறதா? தான் கொடுப்பதை அந்த உடம்பு அப்படியே கணக்கு வைத்துச் சொல்கிறதே! அப்புறம்தான் அவள் பார்வை தேன் பாட்டில் மேல் விழுந்தது.

“பாவி, நாந்தானே ஊட்டிருக்கேன்” என்று டாக்டரிடம் அழுதாள்.

“தேனும் சர்க்கரைதாம்மா. பொடி கேக்கும்னும் உறுதியாச் சொல்ல முடியாது. எதக் குடுத்தாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்க.”

தேன் பாட்டில் பரணில் ஏறியது. மாத்திரையும் அளவுச் சாப்பாடுமாக நாள் போகப் போகக் கோடு இறங்கியது. தினமும் அதை வாய் பிளந்து பார்த்தாள்.

சில வாரம் கழித்துத் துணிக்கட்டைப் பிரித்தபோது, புண்ணின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை. விரல் தப்பிவிட்டது என்றார் டாக்டர். ராமுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரையா, விரலையா என்று அவளுக்கே தெரியாது.

பெருமாள்சாமி மெல்லக் கனைத்தார். “ஏத்தா, அந்தப் பொடி அம்புட்டுக் கசப்பெல்லாம் இல்ல. தேனுக்காகத்தான் அப்பிடிச் சொன்னேன்.”

அடிக்க ஓங்கினாள். அந்த விரல் கண்ணில் பட்டதும் ஓங்கிய கை தானாக இறங்கி, அவர் பாதத்தைப் பச்சைப்பிள்ளையைத் தொடுவதுபோல் தொட்டது.